திரும்பி வந்த சேலையும் தரவுத்தளமும்

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்னும் வாசகத்தை ஜவுளிக்கடைப் பில்லின் அடியில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கடையில் அமர்ந்து, துணியைப் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கியவருக்கு அது ஓரளவு பொருந்தும். படத்தை மட்டும் பார்த்து வாங்கியவருக்குப் பொருந்துமா? பொருந்தாது. இதனை உணர்ந்தே நாடுகள் பலவும் சட்டம் செய்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பிறப்பித்த ஆணைப்படி, இணையத்தில் வாங்கியவர் பெரும்பாலான பொருள்களைக் காரணம் எதுவும் கூறாமலே 14 நாள்களுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020இல் வந்தன. குறைபாடுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற மறுக்கலாகாது என்று அவை விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன.

ஆகவே இணையக் கடைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. பொருள் வெளியே போகும் வாசல் ஒன்று; திரும்பி வரும் வாசல் மற்றொன்று. முதல் வாசலைப் பற்றி விளம்பரங்கள் பேசுகின்றன. இரண்டாம் வாசலைப் பற்றிப் பேசுவார் குறைவு. அந்த இரண்டாம் வாசலைத் தரவுத்தளத்தோடு தானாக இயங்கும் வகையில் இணைப்பது எப்படி, அவ்வாறு இணைக்கும்போது நேரும் பிழைகள் யாவை என்பவற்றை என் அனுபவத்தின் வழியாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த அனுபவம் எனக்குப் பெருமை தருவதன்று. நான் செய்த பிழையால் குற்றமற்ற ஒருவர் மேல் பழி விழுந்தது. அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

நோட்டுப் புத்தகக் கணக்கு

கோடை விடுமுறையில், கைத்தறிச் சேலைகளை இணையம் வழியாக விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று சேலைகள் திரும்பி வரும். "படத்தில் பார்த்த நிறம் வேறு", "முந்தானையில் கறை", "நான் கேட்டது இது இல்லை" என்று காரணங்கள் பலவகை. ரிட்டர்ன் பார்சல்களைப் பிரிப்பதற்கென்று தனி அறையும், அதற்கென்று ஓர் அக்காவும் இருந்தார்கள். அவர் பார்சலைப் பிரித்து, சேலையை உதறி விரித்துப் பார்த்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஆர்டர் எண், நிறம், குறை, தேதி ஆகியவற்றை எழுதுவார். மாலையில் முதலாளி அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவார். கணக்கர் அதைப் பார்த்து வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்புவார்.

ஒரே செய்தி மூன்று கை மாறியது. மூன்றில் ஒருவர் விடுப்பு எடுத்தாலும் பணம் நின்றுவிடும். "என் பணம் எப்போது வரும்?" என்று தொலைபேசியில் கேட்பவருக்கு, நோட்டைப் புரட்டி முடிக்கும் வரை விடை சொல்ல இயலாது. "தம்பி, நீங்க காலேஜ்ல படிக்கிறதை வச்சு இதைத் தானா நடக்கிற மாதிரி செய்ய முடியுமா?" என்று முதலாளி கேட்டார். முடியும் என்றேன்.

தரவுத்தளத்தின் அமைப்பு

முதலில் தரவுத்தளம். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பார் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். தரவுகளை அட்டவணைகளாக வைத்து, அட்டவணைகளைத் திறவுகோல் எண்களால் தொடர்புபடுத்துவதே அதன் சாரம். அதன் வழி வந்த நெறிகளுள் ஒன்று, ஓர் உண்மையை ஓரிடத்தில் மட்டும் எழுதுக என்பது. வாடிக்கையாளரின் முகவரியை மூன்று அட்டவணைகளில் எழுதினால், அவர் வீடு மாறியபின் மூன்றில் எது உண்மை என்று தெரியாமற் போகும்.

நான் போஸ்ட்கிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். 1986இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது அது. அதில் ஆர்டருக்கு ஓர் அட்டவணை, ஆர்டரில் உள்ள ஒவ்வொரு சேலைக்கும் ஒரு வரிசை கொண்ட அட்டவணை, ரிட்டர்னுக்கு ஓர் அட்டவணை, திரும்பும் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு வரிசை கொண்ட அட்டவணை என நான்கு அமைத்தேன். ஆர்டரையும் சேலையையும் ஏன் பிரிக்க வேண்டும்? மூன்று சேலை வாங்கியவர் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புவார். "இந்த ஆர்டர் திரும்பியது" என்று மொத்தமாக எழுதினால், மற்ற இரண்டும் திரும்பியதாகக் கணக்கு பேசும்.

இங்கே பணத்தைப் பற்றியும் ஒரு சொல். மூன்று சேலைக்கும் சேர்த்து 100 ரூபாய் தள்ளுபடி கொடுத்திருந்தால், ஒரு சேலைக்கு உரிய பங்கு என்ன? 33 ரூபாய் 33 பைசா என்று வைத்தால் மூன்றும் சேர்ந்து 99 ரூபாய் 99 பைசாதான் ஆகிறது. ஒரு பைசா காணாமற் போகிறது. பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வைத்து, 3334, 3333, 3333 எனப் பங்கிட்டு, அந்தப் பங்கை விற்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். திரும்பி வரும்போது கணக்கிட முற்பட்டால் தகராறுதான் மிஞ்சும்.

இணைப்பு முறை

அடுத்தது இணைப்பு. கடை மென்பொருளுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே ஆள் போல நின்று வேலை செய்யும் ஒரு நிரல் வேண்டும். அது செய்தி அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மணிக்கொரு முறை நாமே போய், "ஏதேனும் புதிது உண்டா?" என்று கேட்பது. மற்றொன்று, புதிது நிகழ்ந்தவுடன் கடை மென்பொருளே நம் நிரலின் முகவரிக்குச் செய்தி அனுப்புவது. இதனை வெப்ஹூக் என்பர். முன்னது, தபால் வந்ததா என்று நாள்தோறும் அஞ்சலகம் சென்று கேட்பதைப் போன்றது. பின்னது, தபால்காரர் வீட்டு வாசலில் வந்து கூப்பிடுவதைப் போன்றது.

கூரியர் நிலவரத்துக்கு முதல் வழியையும், கடைச் செய்திகளுக்கு இரண்டாம் வழியையும் கையாண்டேன். பார்சல் வந்ததும் அக்கா கைப்பேசியில் "வந்து சேர்ந்தது" என்னும் பொத்தானை அழுத்துவார். உடனே கடை மென்பொருள் என் நிரலுக்குச் செய்தி அனுப்பும். என் நிரல் அந்தச் சேலையின் இருப்பில் ஒன்றைக் கூட்டும்; வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்; பிறகு கடை மென்பொருளுக்கு "பெற்றுக்கொண்டேன்" என்று விடை சொல்லும். பணம் அனுப்பும் வேலையை மட்டும் கணக்கரிடமே விட்டு வைத்தேன். அது நல்லதாயிற்று என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

முதல் வாரம் முழுவதும் எல்லாம் சரியாக நடந்தது. முதலாளி மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன்.

மாதக் கடைசி

மாதக் கடைசியில் இருப்பு எடுத்தார்கள். தரவுத்தளத்தின்படி இருக்க வேண்டிய சேலைகளில் 9 குறைந்தன. அலமாரியை இரண்டு முறை எண்ணினார்கள். குறைவு குறைவாகவே இருந்தது. திரும்பி வந்த சேலைகளின் வகைகளில் மட்டுமே குறைவு காணப்பட்டது. ரிட்டர்ன் அறையில் வேலை செய்பவர் ஒருவரே. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அலமாரிச் சாவி முதலாளியின் மேசைக்குப் போயிற்று. மாலையில் வீட்டுக்குப் புறப்படும்போது அக்காவின் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அவர் காட்டினார். அதன்பின் எங்களோடு டீ குடிக்க அவர் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "தம்பி, நான் எழுதினது தப்பா இருக்காது. ஒவ்வொரு சேலையையும் கையால தொட்டுப் பார்த்துத்தான் எழுதியிருக்கேன்" என்று நோட்டை என் முன் வைத்தார். கணினி தவறு செய்யாது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியவன் நான்தான்.

பிழை எங்கே?

கணினி முறைக்கு மாறிய பின்னும் அக்கா நோட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. அன்றிரவு அந்த நோட்டையும் என் நிரலின் பதிவுக் கோப்பையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நோட்டில் 41 சேலைகள் இருந்தன. தரவுத்தளத்தில் இருப்பு 50 முறை கூட்டப்பட்டிருந்தது. பதிவுக் கோப்பில் 9 செய்திகள், சில நொடி இடைவெளியில், ஒரே நிகழ்வு எண்ணோடு இருமுறை வந்திருந்தன!

காரணம் இதுதான். என் நிரல் மின்னஞ்சலை அனுப்பி முடித்த பிறகே "பெற்றுக்கொண்டேன்" என்று விடை சொன்னது. மின்னஞ்சல் சர்வர் மந்தமாக இருந்த வேளைகளில் அந்த விடை தாமதமாயிற்று. கடை மென்பொருள் சில நொடிகள் காத்திருந்து பார்த்துவிட்டு, "செய்தி போய்ச் சேரவில்லை போலும்" என்று கருதி மீண்டும் அனுப்பியது. இது கடை மென்பொருளின் குற்றமாகாது. ஷாப்பிஃபை, ஸ்ட்ரைப் போன்ற நிறுவனங்கள், ஒரே செய்தி ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரக்கூடும் என்று தம் கையேடுகளிலேயே எச்சரித்துள்ளன. செய்தி தொலைந்து போவதைவிட இருமுறை வருவது மேல் என்பதே அவர்கள் கொள்கை. இருமுறை வந்தாலும் ஒருமுறையாகக் கொள்வது பெறுபவனின் கடமை. அந்தக் கடமையில் நான் தவறினேன். ஒரு சேலை இரண்டு சேலை ஆயிற்று. அலமாரியில் என்றுமே இல்லாத ஒன்பது சேலைகளுக்கு அக்கா பதில் சொல்ல வேண்டியவரானார்.

நம் வகுப்பறையைக் கொண்டே இதை விளக்கலாம். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயருக்கு நேரே "வந்தார்" என்று குறிக்கிறோம். அவர் வந்ததை இரண்டு பேர் வந்து சொன்னாலும், மறுபடியும் அதே கட்டத்தில் அதே குறிதான். வந்தவர் ஒருவரே. மாறாக, பெயர் எழுதாமல், "ஒருவர் வந்தார்" என்று யார் சொன்னாலும் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனால், இரண்டு பேர் சொல்லும்போது இரண்டு கோடு விழும். நான் போட்டது கோடு. எழுதியிருக்க வேண்டியது பெயர். எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்ததற்கு உரிய பயனையே தரும் செயல் என்று கணினி நூலார் கூறுவது இதைத்தான்.

திருத்தம்

பிறகு நான் செய்த திருத்தங்களை வரிசையாகக் கூறுகிறேன். இத்தகைய வேலையில் ஈடுபடும் நண்பர்களுக்குப் பயன்படும்.

முதலாவது, நிகழ்வுப் பதிவேடு. வரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நிகழ்வு எண் உண்டு. அந்த எண்ணை முதன்மைத் திறவுகோலாகக் கொண்ட அட்டவணை ஒன்றை அமைத்தேன். அதே எண் மீண்டும் வந்தால் தரவுத்தளமே ஏற்க மறுத்துவிடும். நிரலாளர் மறந்தாலும் தரவுத்தளம் மறக்காது.

இரண்டாவது, இருப்பை ஓர் எண்ணாக வைத்துக் கூட்டுவதைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாக "இருப்பு நகர்வு" என்று ஓர் அட்டவணை. இன்ன ரிட்டர்னின் இன்ன சேலை, இன்ன நேரத்தில், இன்னார் கையால் உள்ளே வந்தது என்று ஒரு வரிசை. ஒரு ரிட்டர்ன் சேலைக்கு ஒரு வரவு வரிசைக்கு மேல் இருக்கலாகாது என்று இங்கும் ஒரு பூட்டு. நிகழ்வு எண் வேறாக வந்தாலும் இந்தப் பூட்டு காக்கும். இருப்பு எவ்வளவு என்று கேட்டால், வரிசைகளைக் கூட்டிச் சொல்ல வேண்டியதுதான். நம் வணிகர்களின் பேரேட்டு முறையும் இதுவே. நல்ல கணக்கர் மொத்தத்தை அழித்து எழுத மாட்டார். புதிய வரவோ பற்றோ எழுதுவார்.

மூன்றாவது, நிகழ்வைப் பதிவதும் நகர்வை எழுதுவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். முதலாவது முடிந்து இரண்டாவது நடக்குமுன் மின்சாரம் போனால், "இந்தச் செய்தியை முன்பே பார்த்தாயிற்று" என்று நிரல் சொல்லும். சேலையோ கணக்கில் ஏறியிராது. இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடவாதிருக்க வேண்டும். பரிவர்த்தனைக் கோட்பாட்டை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜிம் கிரே. அதற்காகவும் தரவுத்தள ஆய்வுக்காகவும் 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் அந்தப் பாடத்தின் பொருள் எனக்கு ரிட்டர்ன் அறையில்தான் விளங்கிற்று.

நான்காவது, முதலில் விடை, பிறகு வேலை. செய்தியை வாங்கிப் பத்திரமாக எழுதியவுடன் "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட வேண்டும். மின்னஞ்சல் முதலிய வேலைகளை வரிசையில் நிறுத்திப் பின்னர் செய்துகொள்ளலாம்.

ஐந்தாவது, கையொப்பச் சோதனை. நிரலின் முகவரியை அறிந்த எவரும் "சேலை வந்து சேர்ந்தது" என்று பொய்ச்செய்தி அனுப்ப முடியும். ஆகவே, கடைக்கும் நிரலுக்கும் மட்டும் தெரிந்த இரகசியச் சொல்லைக் கொண்டு கணக்கிடப்பட்ட கையொப்பம் செய்தியோடு வர வேண்டும். அது பொருந்தாத செய்தியைத் தள்ளிவிட வேண்டும்.

ஆறாவது, இரவுச் சரிபார்ப்பு. செய்தி இருமுறை வருவது போலவே வராமலும் போகலாம். நம் சர்வர் நெடுநேரம் நின்றிருந்தால், அனுப்புபவர் சில முறை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடுவார். ஆகையால் ஒவ்வோர் இரவும் கடந்த சில நாள்களின் ரிட்டர்ன் பட்டியலைக் கடை மென்பொருளிடம் கேட்டு வாங்கித் தரவுத்தளத்தோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு இருந்தால் நிரல் தானே திருத்தாமல் ஒரு பட்டியலாக எழுதி வைக்கும். காலையில் மனிதர் பார்ப்பார்.

பணம் திரும்பும் வழி

இவ்வளவும் செய்த பின்னரே பணம் அனுப்பும் வேலையைத் தானியக்கத்துக்குக் கொண்டு வந்தேன். இங்கு ஒரு நுட்பம் உண்டு. பணத்தைத் திருப்பித் தருமாறு கட்டண நிறுவனத்திடம் நம் நிரல் கேட்கிறது. விடை வருமுன் இணைப்பு அறுந்துவிடுகிறது. பணம் போயிற்றா, இல்லையா? தெரியாது. போகவில்லை என்று எண்ணி மறுபடி கேட்டால், வாடிக்கையாளருக்கு இருமுறை பணம் போகலாம். போயிற்று என்று எண்ணி விட்டுவிட்டால், அவருக்கு ஒருமுறையும் போகாமலிருக்கலாம்.

ஆகவே "கேட்கவில்லை", "முடிந்தது" என்னும் இரண்டு நிலைகள் போதா. "கேட்டோம், விடை தெரியாது" என்னும் மூன்றாம் நிலையும் அட்டவணையில் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைப்பது கணக்கில் நேர்மையாகும். மறுபடி கேட்கும்போது, முதலில் கேட்டபோது கொடுத்த அதே அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரைப் போன்ற கட்டண நிறுவனங்கள் அந்த எண்ணைக் கண்டு, இது பழைய வேண்டுகோளே என்று அறிந்து, இரண்டாம் முறை பணம் அனுப்பாமல் முன்னைய விடையையே திருப்பித் தருகின்றன.

பொருளைப் பெற்றுக்கொண்டு கையில் பணம் கொடுத்தவர்கள் நிலை வேறு. அவர்கள் பணத்தைத் திருப்ப ஓர் அட்டையோ கணக்கோ நம்மிடம் இராது. யூ.பி.ஐ. முகவரியைக் கேட்டு வாங்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் பணம் முன்பின் அறியாதவருக்குப் போய்விடும். ஆதலால் இந்த வகையை மட்டும் கணக்கரே பெயரைச் சரிபார்த்து அனுப்புமாறு விட்டுவிட்டோம்.

எந்திரத்திடம் விடக் கூடாதது

எதை எந்திரத்திடம் விடலாம், எதை விடலாகாது என்னும் கேள்வி இங்கே எழுகிறது. கைத்தறிச் சேலையில் ஓர் இழை சற்றே தடித்திருக்கும். கரை சற்றே வளைந்திருக்கும். அது குறையா, கையால் நெய்ததன் அடையாளமா? வாடிக்கையாளர் உடுத்திக் கசக்கினாரா, கூரியர் மூட்டையில் கசங்கியதா? அக்கா சேலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார். நிரலால் சொல்ல இயலாது.

எனவே எங்கள் கடைக்கு ஒரு விதி வகுத்தோம். ஏற்றுக்கொள்வதை எந்திரம் செய்யலாம். மறுப்பதை மனிதரே செய்ய வேண்டும். மறுப்பவர் தம் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். வாடிக்கையாளர் முறையிட்டால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. யார், எப்போது, ஏன் மறுத்தார் என்னும் பதிவு இல்லாத கடை அந்த முறையீட்டுக்கு என்ன விடை சொல்லும்?

முடிவுரை

மறுநாள் காலை முதலாளியிடம் நோட்டையும் பதிவுக் கோப்பையும் காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒன்பது வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். சற்று நேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து போய், அலமாரிச் சாவியை அக்காவின் மேசையில் தம் கையாலேயே வைத்துவிட்டு, "மனசுல வச்சுக்காதம்மா" என்றார். அன்று மாலை பை திறக்கப்படவில்லை. டீக்கு அக்கா வந்தார்.

புதிய முறை வந்தபின், "அக்கா, இனிமேல் நோட்டு எழுத வேண்டாம், எல்லாம் கணினியில் இருக்கிறது" என்று சொன்னேன். அவர் சிரித்தார். "அது இருக்கட்டும் தம்பி, இதுவும் இருக்கட்டும்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவரைக் காத்தது அந்த நோட்டுத்தானே!

ஆய்வகத்தில் நாம் "மாணவர்", "மதிப்பெண்" என்று அட்டவணைகள் அமைத்துப் பழகுகிறோம். அங்கே ஒரு வரிசை இருமுறை விழுந்தால் அழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறோம், ஒருவருக்கும் நட்டமில்லை. வெளியே அந்த ஒரு வரிசைக்குப் பின்னால், பணத்துக்குக் காத்திருக்கும் ஒருவரோ, பையைத் திறந்து காட்ட வேண்டியவராகும் ஒருவரோ நிற்கிறார். எண்ணிக்கையைக் கூட்டுமுன் பெயரை எழுதுவோம். கணக்கும் மனிதரும் முரண்பட்டு நிற்கும்போது, முதலில் கணக்கைச் சோதிப்போம்.